கொங்கு நாட்டு மலைப்பாதைகள்: எந்த வழி, ஏன் இத்தனை விதி?

கோடை லீவு விட்டதும் கோவை, திருப்பூர், ஈரோட்டுப் பக்கம் ஒரே மாதிரிக் கேள்விகள் சுற்ற ஆரம்பித்துவிடும். ஊட்டிக்கு இ-பாஸ் (இணையத்தில் எடுக்கும் அனுமதிச் சீட்டு) வேண்டுமா? பஸ்ஸில் போனாலும் வேண்டுமா? குன்னூர் வழியாக ஏறியவரை ஏன் கோத்தகிரி வழியாக இறங்கச் சொல்கிறார்கள்? மைசூர்ப் பக்கம் ஏறும் திம்பம் மலைப்பாதையை ராத்திரி எத்தனை மணிக்கு அடைப்பார்கள்? மலை ரயிலை மட்டும் ஏன் அடிக்கடி ரத்து செய்கிறார்கள்?

தனித்தனிக் கேள்விகளாகத் தெரிந்தாலும், நிலம் எப்படிக் கிடக்கிறது என்று பார்த்துவிட்டால் பாதிக்கு மேல் தானாக விளங்கிவிடும். அங்கிருந்தே தொடங்குவோம்.

தரை எப்படிக் கிடக்கிறது

கொங்கு நாடு மலைகள் சூழ்ந்த ஒரு மேட்டு நிலம். கோவை நகரமே கடல் மட்டத்திலிருந்து 400 மீட்டருக்குச் சற்று மேலே இருக்கிறது. மேற்கே நீலகிரி, தென்மேற்கே ஆனைமலை, தெற்கே பழனி மலை, வடக்கே சத்தியமங்கலம், பர்கூர் மலைகள், கிழக்கே சேர்வராயனும் கொல்லிமலையும். நடுவே பவானி, நொய்யல், அமராவதி மூன்றும் கிழக்கே ஓடிக் காவிரியில் கலக்கின்றன.

இந்த அமைப்பிலிருந்து மூன்று விளைவுகள்:

1. மழை மறைவு. தென்மேற்குப் பருவக்காற்று மலையின் மேற்குப் பக்கத்திலேயே தண்ணீரைக் கொட்டிவிட்டு வெறும் காற்றாக இந்தப் பக்கம் இறங்குகிறது. வால்பாறை ஆடி மாதம் நனைந்து ஊறிக்கொண்டிருக்கும்போது, அறுபது கிலோமீட்டர் தள்ளியிருக்கும் பொள்ளாச்சிக்குக் கிழக்கே புழுதி பறப்பது இதனால்தான்.

2. உயரம். ஆயிரம் மீட்டர் ஏறினால் சராசரியாக ஆறரை டிகிரி வெப்பம் குறையும். மேட்டுப்பாளையம் 326 மீட்டர், ஊட்டி ரயில் நிலையம் 2,203 மீட்டர். கணக்குப் போட்டால் 12 டிகிரி. கீழே 36 என்றால் மேலே 24. பாக்கு, பலா, காபி, தேயிலை என்று பயிர்கள் அடுக்கடுக்காக மாறுவதற்கும் இந்த உயரக் கணக்குதான் முக்கியமான காரணம்.

3. கணவாய். மலைத்தொடர் அறுந்து வழிவிடும் இடம் கணவாய். நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் நடுவே 30 கிலோமீட்டருக்கு மேல் அகலமாகத் திறந்து கிடக்கும் பாலக்காட்டுக் கணவாய்தான் மேற்குத் தொடர்ச்சி மலையின் மிகப் பெரிய வாசல்.

வாசல் வழியாகப் போனது ரயில்

கோவையிலிருந்து பாலக்காட்டுக்கு ஏறக்குறைய 50 கிலோமீட்டர். அதற்குள் 300 மீட்டர்தான் இறங்க வேண்டும். நூற்று அறுபது அடி நடந்தால் ஓர் அடி இறங்குகிற சரிவு. ரயிலுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. ஆகவேதான் சென்னையையும் மேற்குக் கரையில் பேப்பூரையும் இணைத்து 1862-ல் முடிந்த பாதை இந்த வழியைப் பிடித்தது. அது போத்தனூர் வழியாகப் போய்விட்டது, கோவை நகரத்தைத் தொடவில்லை. 1873-ல் போத்தனூரிலிருந்து மேட்டுப்பாளையத்துக்குக் கிளைப்பாதை போட்டபோதுதான் கோவைக்கு ரயில் வந்தது. 'இந்த வண்டி கோவைக்கு வருமா, போத்தனூரோடு போய்விடுமா' என்ற இன்றைய குழப்பத்துக்கும் வேர் அங்கேதான் இருக்கிறது.

கணவாயில் ரயில் மட்டும் போவதில்லை. ஆனியிலும் ஆடியிலும் மேற்குக் காற்று முழுவதும் அந்த இடுக்கில் பிதுங்கிக்கொண்டு வந்து பல்லடம், உடுமலை வட்டாரத்தில் விரிகிறது. பல்லடத்திலிருந்து உடுமலைக்கு பஸ்ஸில் போனால் குடிமங்கலம் வரை இருபுறமும் காற்றாலைகள்தான். மற்ற ஊர்களில் பழமொழியாகச் சொல்லும் 'ஆடிக் காத்துல அம்மியும் பறக்கும்' இங்கே கிட்டத்தட்ட வானிலை அறிக்கை.

மதுக்கரை தாண்டி வாளையாறு வரை இதே ரயில்பாதை யானைக் காட்டை ஒட்டியும் ஊடாகவும் போகிறது. வலது பக்க ஜன்னலில் மலை கைக்கெட்டும் தூரத்தில் தெரியும். 2021 நவம்பரில் நவக்கரை அருகே ரயில் மோதி மூன்று யானைகள் செத்தன. அதன் பிறகு தண்டவாளத்துக்கு அடியில் யானை கடக்கச் சுரங்க வழிகள் வந்தன. 2024 தொடக்கத்தில், செயற்கை நுண்ணறிவு கொண்டு யானை நடமாட்டத்தைக் கண்டுபிடித்து எச்சரிக்கும் கேமராக் கோபுரங்கள் மதுக்கரைப் பகுதியில் நிறுவப்பட்டன. ராத்திரியில் அந்தத் துண்டில் ரயில் ஊர்ந்து போனால் சிக்னல் கோளாறு என்று நினைக்க வேண்டாம். யானைக்காகத்தான் வேகத்தைக் குறைக்கிறார்கள்.

கணவாயின் தெற்கு ஓரமாக இன்னொரு பாதை உண்டு: பழனி, உடுமலை, பொள்ளாச்சி, மீனாட்சிபுரம், முதலமடை, கொல்லங்கோடு, பாலக்காடு. மீட்டர்கேஜாக இருந்து 2015-ல் அகலப்பாதையானது. பொள்ளாச்சித் தென்னந்தோப்பில் தொடங்கி, முதலமடை நிலையத்து ஆலமரங்களைத் தாண்டி, கொல்லங்கோட்டு வயல்வெளிக்கு அப்பால் மலை எழுந்து நிற்பது வரை, கூட்டமில்லாத ஜன்னலோரம் கிடைத்தால் ஊட்டி ரயிலைவிட இதைத்தான் நான் சொல்வேன்.

பஸ் ஜன்னலில் சமவெளி

சமவெளியில் பார்க்க ஒன்றுமில்லை என்று தூங்கிவிடுகிறவர்கள்தான் அதிகம். திருப்பூரிலிருந்து காங்கேயம் வழியாகத் தாராபுரம் போகும் மப்சல் பஸ்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். பனியன் கம்பெனிகள் தீர்ந்ததும் நிலம் வெளுக்கத் தொடங்கும். காங்கேயம் நெருங்க நெருங்க அரிசி ஆலைகள், வெயிலில் பரப்பிய கொப்பரைக் களங்கள். ஜன்னல் திறந்திருந்தால் தேங்காய் எண்ணெய் வாசம் முதலில் வந்துவிடும்.

காங்கேயம் தாண்டியதும் சாலையோரம் சாம்பல் பச்சையில் ஒரு முள்வேலி தொடங்கி நெடுந்தூரம் கூடவே வரும். அது கிளுவை வேலி. வேலிக்குள்ளே இருப்பது கொறங்காடு. உழுது பயிர் வைக்காமல் மேய்ச்சலுக்கென்றே விட்டு வைத்த சொந்த நிலம் அது. அதில் மூன்று அடுக்கு: தரையில் கொழுக்கட்டைப் புல், தலைக்கு மேலே குடை பிடித்தது போல வெள்வேல மரம், சுற்றிலும் கிளுவை. புல் மாட்டுக்கு, வெள்வேலங்காய் ஆட்டுக்கும் மாட்டுக்கும் கோடைத் தீனி, வேலி இருப்பதால் மேய்க்க ஆளே தேவையில்லை, படலைச் சாத்திவிட்டு வீட்டுக்குப் போய்விடலாம். மழை மறைவு நாட்டில் தண்ணீர் இல்லாத நிலத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்ற கேள்விக்கு இந்த ஊர் விவசாயிகள் கண்ட விடை இது. காங்கேயம் காளை இந்தக் காட்டில் வளர்ந்ததுதான். பஸ் ஊதியூர் மலையை ஒட்டிப் போகும்போது இருபுறமும் பாருங்கள். தாராபுரத்தில் அமராவதிப் பாசனம் வந்து பச்சை திரும்பும்.

இதற்கு நேர் எதிர் கோபியிலிருந்து சத்தியமங்கலம் போகிற சாலை. பவானித் தண்ணீர், கொடிவேரி அணைக்கட்டின் வாய்க்கால்கள், நெல், கரும்பு, வாழை. இரண்டு பாதைக்கும் இடையே நூறு கிலோமீட்டர்கூட இல்லை. வாய்க்கால் எங்கே போகிறதோ அதுவரை ஒரு நாடு, போகாத இடத்தில் வேறு நாடு. ஈரோட்டிலிருந்து கரூர் போகும் ரயிலிலும் இந்த எல்லைக்கோட்டைப் பார்க்கலாம். இடது பக்கம் காவிரி, கொடுமுடிக்கு வந்ததும் ஆறு மிக அருகில்.

சரிவு என்ற கணக்கு

இனி மலை. இங்கே ஒரு சொல்லைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும்: சாய்மானம். '20-க்கு 1' என்றால் 20 மீட்டர் முன்னே போனால் 1 மீட்டர் உயரம் ஏறுகிறோம் என்று பொருள்.

1. மலைச்சாலையை ஏறக்குறைய 20-க்கு 1 என்ற சாய்மானத்தில் போடுவதே வசதி. அந்தக் கணக்கில் ஆயிரம் மீட்டர் ஏற 20 கிலோமீட்டர் நீளச் சாலை வேண்டும்.

2. ஆனால் மலை முகப்போ அடியிலிருந்து உச்சிக்கு நேராக நான்கைந்து கிலோமீட்டர்தான் இருக்கும். 20 கிலோமீட்டர் கயிற்றை அதற்குள் அடைக்க ஒரே வழி, மடித்து மடித்துப் போடுவது. ஒவ்வொரு மடிப்பும் ஒரு கொண்டை ஊசி வளைவு.

3. ஆகவே வளைவின் எண்ணிக்கை மலையின் உயரத்தை மட்டும் காட்டுவதில்லை. முகப்பு எவ்வளவு செங்குத்து என்பதையும் சேர்த்துக் காட்டுகிறது. ஊட்டியை விட வெகு தாழ்வான கொல்லிமலைக்குக் காரவள்ளியிலிருந்து ஏறினால் 70 வளைவு. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு 14-தான். வால்பாறைக்கு 40, திம்பத்துக்கு 27, ஏற்காட்டுக்கு 20.

4. ரயிலால் இப்படி மடங்க முடியாது. வழவழப்பான இரும்புச் சக்கரம் வழவழப்பான தண்டவாளத்தில் செங்குத்தாக ஏறவும் முடியாது, வழுக்கும். அதற்குத்தான் வேறு ஏற்பாடு.

பல்லைப் பிடித்து ஏறும் வண்டி

மேட்டுப்பாளையத்திலிருந்து கிளம்பும் மலை ரயில் கல்லாறு வரை சாதாரண ரயில்தான். பாக்குத் தோப்புகளுக்கு நடுவே சமதரையில் ஓடும். கல்லாறு தாண்டியதும் இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவே மூன்றாவதாக ஒன்று முளைக்கிறது: பற்கள் வெட்டிய இரட்டை இரும்புப் பட்டை. ஒரு பட்டையின் பல் இருக்கும் இடத்தில் அடுத்ததன் இடைவெளி வரும்படி தள்ளி வைத்திருப்பார்கள். எஞ்சினுக்கு அடியிலிருக்கும் பல்சக்கரம் அதில் போய்ப் பதியும். எந்த நேரத்திலும் ஏதாவது ஒரு பல்லாவது முழுப்பிடியில் இருப்பதால் வண்டி வழுக்காது. பதியும் இடத்தில் வேகம் ஆளின் நடைக்குக் குறைந்து, பெட்டிக்கு அடியில் ஒரு கடகடப்பு கேட்கும். அதன் பிறகு குன்னூர் வரை அந்தச் சத்தம் ஓயாது.

இந்தப் பகுதியின் சாய்மானம் 12-க்கு 1 வரை போகிறது. இந்தியாவில் பல்சக்கரத்தில் ஏறும் ரயில் இது ஒன்றுதான். எஞ்சின் முன்னே இழுப்பதில்லை, பின்னால் நின்று தள்ளுகிறது. ஏறும்போது கீழ்ப்பக்கம் எஞ்சின் நின்றால், இணைப்பு அறுந்தாலும் பெட்டிகள் உருண்டு போகாது. முன்னே டிரைவருக்குக் கண் இல்லாததால் பெட்டிதோறும் ஒரு பிரேக்காரர் நின்று கொடி காட்டுவார், கைபிரேக்கும் பிடிப்பார்.

1899-ல் குன்னூர் வரையும் 1908-ல் ஊட்டி வரையும் பாதை திறந்தது. மொத்தம் 46 கிலோமீட்டர், 208 வளைவு, 16 சுரங்கம், 250 பாலம். 2005-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. குன்னூரில் பல்பட்டை முடிகிறது. நீராவி எஞ்சினைக் கழற்றி டீசல் எஞ்சின் மாட்டுவார்கள். அங்கிருந்து வெலிங்டன், அரவங்காடு, கேத்தி, லவ்டேல். சத்தம் அடங்கிய இந்தப் பாதியில்தான் கேத்திப் பள்ளத்தாக்கு விரிகிறது. மலையேற மொத்தம் ஐந்து மணி நேரம் பிடிக்கும். பஸ்ஸுக்கு அதில் பாதிதான் ஆகும்.

சரி, ஏன் அடிக்கடி ரத்து? இந்தப் பாதை ஏறுவது நீலகிரியின் கிழக்கு முகத்தில். கூடலூர் பக்கத்தை நனைப்பது தென்மேற்குப் பருவம். குன்னூர் பக்கத்தை அடிப்பது ஐப்பசி கார்த்திகை வடகிழக்குப் பருவம். அப்போது கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையே பாறையும் மண்ணும் தண்டவாளத்தில் சரியும். பல்பட்டைக்கு நடுவே ஒரு கல் சிக்கினாலும் வண்டியை ஏற்ற முடியாது. எனவே அக்டோபர் முதல் டிசம்பர் வரை டிக்கெட் எடுக்கிறவர்கள் பஸ்ஸையும் மனதில் வைத்துக்கொள்வது நல்லது. அந்த நாட்களில் குன்னூர்–ஊட்டித் துண்டில் பெரும்பாலும் வண்டி ஓடும்.

கொண்டை ஊசியில் ஒரு பஸ்

வால்பாறை பஸ் ஆழியாறு அணையைத் தாண்டி ஏறத் தொடங்கினால் ஒன்பதாவது வளைவில் திரும்பிப் பார்க்கலாம்: கீழே அணை ஒரு தட்டு போல, அதற்கப்பால் தென்னை. 64 கிலோமீட்டரில் புதர்க்காடு, மழைக்காடு, தேயிலை மூன்றும் வந்துவிடும். அட்டகட்டிப் பக்கம் வரையாடு சாலையோரத் தடுப்புச் சுவரில் நிற்கும்.

வளைவில் நடப்பதைக் கவனியுங்கள். டிரைவர் முதலில் வெளிப்பக்கம் அகலமாக எடுக்கிறார். முன் பம்பர் தடுப்புச் சுவருக்கு மேலே நீட்டிக்கொண்டு நிற்கும். முன்சீட்டுக்காரருக்குக் கீழே தரை தெரியாது. பின்படியில் கண்டக்டர் தலையை நீட்டிப் பின்சக்கரத்தைப் பார்க்கிறார். ஒற்றை விசில் என்றால் நில், இரட்டை விசில் என்றால் போகலாம். எதிரே இறங்கி வரும் கார் வளைவுக்கு மேலேயே நின்றிருக்க வேண்டும், ஏனென்றால் மலையில் ஏறும் வண்டிக்குத்தான் முதல் உரிமை. நின்ற கனவண்டியை ஏற்றத்தில் மறுபடி நகர்த்துவது லேசான காரியமில்லை. வளைவில் புகுந்துவிட்ட வெளியூர் கார் ஒன்று போதும், அரை மணி நேரம் மொத்தப் பாதையும் நின்றுவிடும்.

இறங்குவதுதான் ஏறுவதைவிட ஆபத்து. பிரேக்கை அழுத்திக்கொண்டே இறங்கினால் அது சூடேறிப் பிடிப்பை இழக்கும். கருகல் வாடை வந்தால் அதுதான். 'ஏறின கியரிலேயே இறங்கு' என்று மலை டிரைவர்கள் சொல்வது எஞ்சினையே பிரேக்காக்கும் வித்தை. இது பழகாதவர்கள் செங்குத்துப் பாதையில் இறங்கி விபத்தில் சிக்கியதனால்தான், 36 வளைவுள்ள கல்லட்டி வழியாக ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்க வெளியூர் வண்டிகளுக்குத் தடை வந்தது. கோடையில் குன்னூர் வழியாக ஏற்றி, கோத்தகிரி வழியாக இறக்கும் ஒருவழி ஏற்பாட்டுக்கும் காரணம் இதே வளைவுகள்தான். ஏறும் வரிசையும் இறங்கும் வரிசையும் ஒரே வளைவில் சந்திக்காமல் பிரித்துவிடுகிறார்கள்.

இப்போது விதிகள்

1. ஊட்டி இ-பாஸ். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் வந்தது. முதலில் எண்ணிக்கை பார்ப்பதற்கு மட்டும். 2025 ஏப்ரல் முதல் ஜூன் வரையிலான சீசனுக்கு உச்சவரம்பு வைத்தார்கள்: நீலகிரிக்கு வார நாளில் 6,000 வண்டி, வார இறுதியில் 8,000. பாஸ் வண்டிக்குத்தானே தவிர ஆளுக்கு இல்லை, இலவசம். அரசு பஸ், ரயில் பயணிகளுக்கு வேண்டாம். டிஎன் 43 எண்ணுள்ள உள்ளூர் வண்டிகளுக்கும் வேண்டாம். வரம்பு சீசனுக்குச் சீசன் மாறக்கூடியது. கிளம்பும் வாரம் மாவட்ட நிர்வாகத்தின் அறிவிப்பைப் பாருங்கள்.

2. வால்பாறை. 2025 நவம்பர் 1 முதல் இங்கும் இ-பாஸ். பொள்ளாச்சி வழியாகப் போனால் ஆழியாறில் சோதிப்பார்கள்.

3. தண்ணீர் பாட்டில். நீலகிரிக்குள் 5 லிட்டருக்குக் குறைந்த பிளாஸ்டிக் பாட்டிலுக்குத் தடை. சோதனைச் சாவடியில் பிடுங்கி வைத்துக்கொள்வார்கள். வீட்டிலிருந்தே எவர்சில்வர் பாட்டிலில் கொண்டு போங்கள்.

4. திம்பம். பண்ணாரியிலிருந்து மைசூர்ப் பக்கம் ஏறும் இந்தத் தேசிய நெடுஞ்சாலை, 2013-ல் அறிவித்த சத்தியமங்கலம் புலிகள் காப்பகத்தின் நடுவே போகிறது. மேற்குத் தொடர்ச்சி மலையும் கிழக்குத் தொடர்ச்சி மலையும் சந்திக்கும் இந்த இடம் யானைகளின் வலசை வழியும்கூட. 2022-ல் உயர் நீதிமன்றம் இரவுத் தடையை நடைமுறைப்படுத்தச் சொன்னது. 16.2 டன்னுக்கு மேற்பட்ட வண்டி எப்போதும் கூடாது. சரக்கு வண்டிகள் மாலை 6 முதல் காலை 6 வரை கூடாது. கார், பஸ் போன்றவை இரவு 9 முதல் காலை 6 வரை கூடாது. ஆம்புலன்சுக்கும் உள்ளூர் மக்களுக்கும் விலக்கு உண்டு.

எடை வரம்பு ஏன்? பதினாறு சக்கர லாரி 27 வளைவில் ஒன்றில்கூட ஒரே மூச்சில் திரும்ப முடியாது. முன்னே பின்னே எடுக்கும்போது மாட்டிக்கொண்டால் இருபுறமும் கிலோமீட்டர்க் கணக்கில் வரிசை நிற்கும். மேலே காரப்பள்ளம் பக்கம் இன்னொரு கூத்து: கரும்பு லாரி வரும் நேரம் தெரிந்து யானை சாலையில் நின்று வழி மறிக்கும். டிரைவர் இரண்டு கட்டு கரும்பை இழுத்துப் போட்டால் வழி விடும். வேடிக்கையாகத் தெரிந்தாலும், சாலைக்கே யானையைப் பழக்கிவிடுகிற காரியம் அது. வண்டியை நிறுத்திப் படம் பிடிப்பதும் அதில்தான் சேரும்.

இரவுத் தடைக்கு எதிராகத் தாளவாடி மக்கள் 2022-ல் போராடியதை 'காட்டுக்கு எதிரான கூச்சல்' என்று சிலர் எழுதினார்கள். அது சரியில்லை. தாளவாடி மலைக்கு மேலே இருக்கிறது; தமிழ்நாட்டுக்குள் பெரிய ஆஸ்பத்திரியும் பெரிய சந்தையும் வேண்டுமென்றால் இந்த 27 வளைவுதான் வழி. தக்காளியும் முட்டைக்கோசும் ராத்திரிதான் சந்தைக்குக் கிளம்பும். விலக்கு அவர்களுக்குக் கிடைத்தது நியாயம். அதே விலக்கு சுற்றுலா வண்டிக்கும் வேண்டும் என்பது நியாயமில்லை.

புறப்படுமுன் ஒரு கணக்கு

நீலகிரிக்கோ வால்பாறைக்கோ சீசனில் போவதென்றால் அரசு பஸ்தான் என் கட்சி. பாஸ் தேடும் வேலையில்லை, பார்க்கிங் தேடும் வேலையில்லை; உயரமான ஜன்னலில் காரைவிட ஒரு முழம் கூடுதலாகப் பள்ளத்தாக்கு தெரியும். வால்பாறைக்கு மார்கழி, தை, காங்கேயத்துக் கொறங்காட்டுக்கு மழை ஓயும் கார்த்திகை, காற்றாலைக்கு ஆடி.

திம்பம் வழியாக மைசூர் போகிறவர் 9 மணிக்குப் பண்ணாரியில் நின்று கெஞ்சிப் பயனில்லை. வளைவு ஏற நாற்பது நிமிடமாவது வேண்டும், அதற்குமேல் ஆசனூர்க் காடு. இதே போல முதுமலை–பந்திப்பூர் பாதையும் இரவு 9 முதல் காலை 6 வரை மூடியிருக்கும், அதனால் கூடலூர் சுற்றிப் போகலாம் என்ற யோசனையும் உதவாது. கோவையிலிருந்து மதியச் சாப்பாடு முடித்துக் கிளம்பினால் வெளிச்சம் இருக்கும்போதே காரப்பள்ளம் தாண்டிவிடலாம்.